கட்டிலுக்கு அடியில 210 புத்தகம்

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயசு. சொந்த ஊர் கேஜிஎஃப், அதான் கோலார் தங்க வயல், இப்ப பெங்களூர் மர்பி டவுன்ல வாடகை வீடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங். எங்கப்பா மாதிரி சுரங்கத்துல வேலை பாத்தவங்களப் பத்தி ஏழு வருஷம் ஒரு நாவல் எழுதினேன், லீவு நாள்ல ஊருக்குப் போய் அப்பாகிட்ட கேட்டு கேட்டு எழுதினது. நானே 60,000 ரூபா குடுத்து 300 காப்பி போட்டேன். வெளியீட்டுக்கு 22 பேர் வந்தாங்க, அதுல 9 பேர் சொந்தக்காரங்க. ஒரு பெரியவர் மைக்கப் பிடிச்சு இது நாவலே இல்ல, வெறும் நினைவுக் குறிப்புன்னுட்டார். 210 காப்பி கட்டிலுக்கு அடியில கிடக்கு. மூணு போட்டிக்கு அனுப்பினேன், ஒண்ணுலயும் வரல. அப்பா அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தவறினார், ப்ரூஃப்ல ஒரு இடத்துல பென்சில்ல ஏதோ எழுதி வச்சிருக்கார், நான் இன்னும் சரியா படிக்கல. பரிசு கிடைச்சா ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணிக்கு காவடி எடுக்கறேன்னு வேண்டியிருந்தேன். இப்ப விளக்கு கூட மனைவிதான் ஏத்தறா. 14 மாசமா ஒரு வரி எழுதல. டீம்ல ஒரு பையன் போன்ல நாலு வரி கவிதை போட்டு ஆயிரக்கணக்குல லைக் வாங்கறான், அவனைப் பாத்தா வயிறு எரியுது, சொல்லவே வெக்கமா இருக்கு. மெய்வருத்தக் கூலி தரும்னு அப்பா சொல்லிட்டே இருப்பார், எனக்கு கூலி எங்க? ஆசையைக் குடுத்த கடவுள் திறமைய ஏன் குடுக்கல? எழுத்தை விட்டுடவா? சில நாள் காலைல எந்திரிக்கவே வேணாம்னு இருக்கு. சில நாள் ராத்திரி 2 மணிக்கு அந்த ஃபைலைத் திறந்து பாத்துட்டு மூடிடறேன். பி.கு: பெட்டிய கரையான் அரிக்குமா?

பதில்:

தம்பி, மூணு தடவ படிச்சேன். முதல்ல ஒரு விஷயத்த முடிச்சுக்கறேன், கடவுள் காவடி கவிதை எல்லாம் அப்புறம்.

"எந்திரிக்கவே வேணாம்"னு எழுதியிருக்கீங்க இல்ல, அது எந்த மாதிரி? போர்வைய இழுத்து மூடிக்கிட்டு ஆபீசுக்கு மட்டம் போடணும்ங்கற மாதிரியா, இல்ல நான் இல்லாமப் போனாத்தான் தேவலைங்கற மாதிரியா? ரெண்டாவதுன்னா இத படிக்கறத நிறுத்திட்டு மனைவிகிட்ட இன்னிக்கே சொல்லுங்க, 14416க்கு போன் போடுங்க. டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். முதல் மாதிரின்னாலும் சும்மா விட முடியாது. ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க மனசு பாரமாவே இருந்து, பிடிச்சது எதுவும் பிடிக்காம, தூக்கமும் பசியும் கெட்டுப் போச்சுன்னாலே ஒரு தடவ டாக்டரப் பாக்கணும்னு நாங்க சொல்வோம், நீங்க 14 மாசக் கதை சொல்றீங்க. தைராய்டையும் ஒரு டெஸ்ட் பண்ணிக்குங்க, தைராய்டு கம்மியா இருந்தா கூட ஆளை இப்படித்தான் சுருட்டிப் போட்டுரும். நான் கவுன்சலர், மருந்து எழுத மாட்டேன், ஆனா மருந்து வேணும்னா யார்கிட்ட போகணும்னு சொல்ல முடியும். நம்ம ஊர்லயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கு, ஓசூர் ரோட்ல எத்தன பஸ் அந்தப் பக்கமா போகுது, ஒரு நாள் எறங்கினாத்தான் என்ன.

சரி. இப்ப உங்க கடுதாசிக்கு வரேன்.

அதுல எத்தன நம்பர் இருக்குன்னு பாத்தீங்களா. 60,000, 300, 210, 22, அதுல சொந்தக்காரங்க 9, போட்டி மூணு, மாசம் 14. டெஸ்டிங்காரர்னு நீங்க சொல்லாமலே கண்டுபிடிச்சிருப்பேன், பக் லிஸ்ட் மாதிரியே இருக்கு. ஆனா அப்பாவுக்கு? "கொஞ்சம் முன்னாடிதான் தவறினார்". அவ்வளவுதான். எந்த மாசம், என்ன உடம்புக்கு, கடைசியா எப்ப பேசினீங்க, புத்தகத்த அட்டையோட கைல வாங்கிப் பாத்தாரா இல்லயா, ஒண்ணுமே இல்ல. விக்காத புத்தகத்துக்கு அத்தன வரி, அப்பாவுக்கு அரை வரி, அதுவும் போட்டிக்கும் காவடிக்கும் நடுவுல சொருகி வச்சிருக்கீங்க.

இத குத்தமா சொல்லல. இந்த வேலைல 25 வருஷமா எங்கிட்ட வர்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான் வருவாங்க. கடை படுத்துருச்சு மேடம், ப்ரமோஷன் போயிருச்சு மேடம்னு ஆரம்பிப்பாங்க, ரெண்டு மூணு தடவ வந்து போனப்புறம் ஒரு நாள் பேக்கத் தோள்ல மாட்டிக்கிட்டு கதவு கிட்ட போய் நின்னுகிட்டு "அம்மா போனது அந்த மாசம்தான்"னு சொல்வாங்க, திரும்பி வந்து உக்கார வச்சு தண்ணி குடுக்கணும். வியாபாரத்துல தோத்துட்டேன்னு சொன்னா ஊர் கேக்கும், எங்கப்பா போயிட்டார்னு 43 வயசுல சொன்னா எல்லாருக்கும்தான் போறாங்கன்னு சொல்லிரும். அதனால எது சொல்ல லாயக்கோ அது மேல இதையும் ஏத்தி சொல்லிடறோம். உங்க 210 புத்தகத்து மேல அந்த மாதிரி ஏதோ ஏறி உக்காந்திருக்குன்னு எனக்குத் தோணுது. தப்பாவும் இருக்கலாம், கடுதாசிய வச்சு நாடி பிடிக்க முடியாது. ஆனா ப்ரூஃப்ல அப்பா பென்சில்ல எழுதினத 14 மாசமா "சரியா படிக்கல"ன்னு சொல்றீங்க பாருங்க, கையெழுத்து புரியலங்கற காரணத்த நான் நம்பல.

திறமை இருக்கா இல்லயான்னு கேட்டிருக்கீங்க. தெரியாது தம்பி, நான் உங்க புத்தகத்த படிக்கல, படிச்சாலும் சொல்ற தகுதி எனக்கு இல்ல. அந்தப் பெரியவர் சொன்னது சரியாக் கூட இருக்கலாம், அது நினைவுக் குறிப்பாவே இருக்கலாம், அதுல என்ன குறைச்சல்னுதான் எனக்குப் புரியல. சினிமாவுக்குப் போனவங்களுக்குத் தெரிஞ்ச கேஜிஎஃப் ஒண்ணு, சுரங்கத்துக்குள்ள கூண்டுல எறங்கின ஆளோட புள்ளைக்குத் தெரிஞ்ச கேஜிஎஃப் இன்னொண்ணு, ரெண்டாவது எழுத்துல எவ்வளவு இருக்குன்னு அவருக்கே தெரியுமோ என்னவோ. மைக்க வாங்கினவங்க ஏதாவது சொல்லியாகணும். அத விடுங்க.

நான் சொல்ல வர்றது உங்க ஊர் சமாச்சாரம்தான். சின்னப்ப நான் ஒரு தடவ உறவுக்காரங்க கல்யாணத்துக்கு மாரிகுப்பம் டிரெயின்ல வந்திருக்கேன், எறங்கி நடந்தா தூரத்துல சாம்பல் கலர்ல மலை மலையா நிக்குது, மலைன்னுதான் நெனச்சேன், அப்புறம்தான் சொன்னாங்க சயனைடு மேடுன்னு, கல்ல அரைச்சு தங்கத்த எடுத்துட்டு கொட்டின மிச்சம்னு. ஒரு டன் கல்லுக்கு சில கிராம் தங்கம், அதுக்கு மூணு கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் தோண்டினாங்க, 1880ல ஆரம்பிச்சு 120 வருஷம். வெளிய வந்தது சுமார் 800 டன் தங்கம், ஆனா ஊர்ல நிக்கறது மேடுதான், வெயில் காலத்துல காத்தடிச்சா அதோட தூசிதான் துணில படியும், உங்களுக்கு நான் சொல்லணுமா. அந்த ஊர்ல பொறந்து வளந்தவர் முதல் லோடு கல்ல மேல கொண்டாந்துட்டு, தங்கம் இல்லயேன்னு கூண்டை நிறுத்திட்டீங்க.

இதுக்கு படிச்சவங்க ஆராய்ச்சியும் இருக்கு. டீன் கீத் சைமன்டன்னு அமெரிக்க உளவியல்காரர், 1977ல 10 பெரிய மேல்நாட்டு இசையமைப்பாளர்கள் வாழ்க்கை முழுக்க எழுதினத எல்லாம் வயசு வாரியா பிரிச்சுப் பாத்தார். நல்லது நிறைய வந்த காலத்துலதான் சாதாரணமும் நிறைய வந்திருக்கு, ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குது. வயசாக ஆக குறி தப்பாம அடிக்கற மாதிரியெல்லாம் ஒண்ணும் ஆகல. அவங்களுக்கே அப்படின்னா நமக்கெல்லாம் என்ன. ஏழு வருஷம் எழுதினாலும் அது ஒரு புத்தகம்தான், ஒண்ண வச்சு திறமை இல்லன்னு எப்படி முடிவு கட்டுவீங்க, உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் ஓட்டிட்டு சாஃப்ட்வேர் பாஸா ஃபெயிலான்னு எழுதிக் குடுத்தா மேனேஜர் ஒத்துக்குவாரா.

எழுத வராம போனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை, வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி என் அசிஸ்டெண்ட் பொண்ணு காதப் பொத்திக்கறா. தெரசா அமபிலேன்னு ஒரு ஆய்வாளர், 1985ல வெளியிட்டாங்க. எழுத்துல நிஜமாவே ஆர்வம் உள்ள 72 பேர கூட்டி வச்சு முதல்ல பனியைப் பத்தி ஒரு குட்டிக் கவிதை எழுதச் சொன்னாங்க. அப்புறம் ஒரு குரூப்புக்கு மட்டும் ஒரு பேப்பர் குடுத்து, எதுக்காக எழுதறீங்கன்னு பேர் கிடைக்கும், காசு கிடைக்கும், நல்ல வேலை கிடைக்கும்ங்கற மாதிரி காரணங்கள வரிசைப்படுத்தச் சொன்னாங்க, சில நிமிஷ வேலை. இன்னொரு குரூப்புக்கு எழுதறதுல இருக்கற சந்தோஷத்தப் பத்தின காரணங்கள். அப்புறம் எல்லாரும் சிரிப்பைப் பத்தி ஒரு கவிதை. கவிஞர்கள வச்சே மார்க் போட வச்சாங்க, பேரு காசுன்னு யோசிச்ச குரூப்போட ரெண்டாவது கவிதை மட்டும் படுத்துருச்சு. முதல் கவிதைல எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தாங்க. சில நிமிஷம் யோசிச்சதுக்கே இப்படின்னா, நீங்க 14 மாசமா ராத்திரி பகலா அந்தப் பேப்பரத்தான் பூர்த்தி பண்ணிட்டிருக்கீங்க.

அந்தப் பையன் மேல வயிறு எரியுதுன்னு சொன்னதுக்கு ரொம்ப வெக்கப்படாதீங்க. பொறாமைக்கு கண்ணு கிட்டப்பார்வை, பக்கத்து இலைக்கு விழுந்த பாயசம்தான் அதுக்குத் தெரியும், ஞானபீடம் வாங்கினவங்களப் பாத்து உங்களுக்கு எரியல பாருங்க, ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருக்கறவனப் பாத்துதான் எரியுது. ஒரு நாள் கேன்டீன்ல அவன் கவிதைய அவன் வாயால படிக்கச் சொல்லிக் கேளுங்க. மோசமா இருந்தா நிம்மதி, நல்லா இருந்தா பேச ஒரு ஆள் ஆச்சு.

இனி சாமி விஷயம். நான் பெரிய பக்தையும் இல்ல, நாத்திகமும் இல்ல, வெள்ளிக்கிழமை அலசூர் சோமேஸ்வரர் கோயில ஒரு சுத்து சுத்திட்டு வருவேன், பாதி காத்துக்கு, பாதி பழக்கத்துக்கு. அதனால சாமி சார்பா நான் வக்காலத்து வாங்கப் போறதில்ல. உங்க மேல ஒரு சின்ன சந்தேகம் மட்டும் இருக்கு. பரிசு குடு, காவடி எடுக்கறேன்னீங்க. அவர் குடுக்கல, நீங்களும் எடுக்கல. டீல் படி பாத்தா ரெண்டு பேருக்கும் கணக்கு நேர், யாரும் யாருக்கும் பாக்கி இல்ல. அப்புறம் எதுக்கு கோபம்? அந்த வேண்டுதல்ல பரிசு மட்டும்தான் இருந்துச்சா, இல்ல அப்பா உடம்பு பத்தியும் ஏதாவது முணுமுணுத்தீங்களா? எனக்கு பதில் எழுத வேணாம்.

கோபப்பட்டா நம்பிக்கை போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, நம்ம ஊர் பக்தில சண்டைக்கு தனி பெஞ்சே போட்டு வச்சிருக்காங்க. சுந்தரர் கதைதான் தெரியுமே. திருவொற்றியூர்ல சங்கிலியார கல்யாணம் கட்டிக்கறப்ப உன்ன விட்டுப் பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, அத மீறி திருவாரூருக்கு கிளம்பினதுல ரெண்டு கண்ணும் போச்சு. தப்பு அவர் மேல, அவருக்கே தெரியும். காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு திரும்பக் கிடைக்குது. மீதி ஒரு கண்ணுக்காக திருவாரூர்ல நின்னு பாடறார், எப்படி, "வாழ்ந்து போதீரே"ன்னு. பாட்டுக்குப் பாட்டு அதே முடிவு. நீங்க நல்லா வாழுங்க சாமி, எங்களுக்கு என்ன ஆனா உங்களுக்கு என்னன்னு, சொத்துத் தகராறுல அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு தம்பி சொல்ற அதே தொனி. அதத் தேவாரத்துல சேத்து, இன்னிக்கும் ஓதுவார் ராகம் போட்டுப் பாடறாங்க. நீங்க பண்றது இதுல சேத்தி இல்ல. நீங்க சண்டையும் போடல, பேசாம இருக்கீங்க, விளக்க மனைவி ஏத்தறத ஹால்ல இருந்து ஓரக்கண்ணால பாத்துட்டு இருக்கீங்கன்னு நெனைக்கறேன். பத்து நிமிஷம் கதவ சாத்திக்கிட்டு வாய்விட்டுத் திட்டுங்க. கேஜிஎஃப் பாஷைலயே திட்டுங்க, "இன்னாத்துக்கு இட்டுகினு போன"ன்னு. கேக்கறதுக்கு ஆள் இருக்கோ இல்லயோ, உள்ள இருக்கறது வெளிய வரும்.

கூலி எங்கன்னு கேட்டீங்க. அந்தக் குறள்ல முதல் பாதிய விட்டுட்டீங்க. "தெய்வத்தான் ஆகா தெனினும்"னுதான் ஆரம்பிக்குது, அதாவது சாமியால ஆகலன்னாலும்னு. கூலி குடுக்கறது சாமி இல்லன்னு வள்ளுவர் மொதல்லயே சொல்லிட்டார், நீங்க திருத்தணில போய் சம்பள பாக்கி கேட்டுட்டு நிக்கறீங்க. கூலின்னா என்னன்னும் பாருங்க, லாபம் இல்ல, பரிசு இல்ல, உடம்பு வருந்தின அளவுக்கு அன்னன்னிக்கு கைல விழறது. இன்னொண்ணு, இதச் சொன்ன அதே ஆள் விதிய விட பலமானது எது இருக்குன்னு 380ஆம் குறள்ல கேட்டுட்டு, 620ஆம் குறள்ல விடாம உழைக்கறவன் விதியோட முதுகைப் பாத்துருவான்னு சொல்றார். ரெண்டையும் அவரே எழுதி வச்சிருக்கார், எந்த நாளைக்கு எது தேவையோ எடுத்துக்கங்கன்னு விட்டுட்டார் போல. உங்க வீட்லருந்து நடக்கற தூரத்துல அலசூர் ஏரி கிட்ட நிக்கறாரே, அவருக்கே 1991ல வச்ச சிலைய 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தாங்க, 18 வருஷம் மூடித்தான் கிடந்தார். நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. ரெண்டு முதலமைச்சர் உக்காந்து பேச வேண்டியிருந்துச்சு. சின்னப் புள்ளைங்க மூட்டை மாதிரி ஏதோ நிக்குதுன்னு நெனச்சுட்டு அந்தப் பக்கமா போயிட்டிருந்தாங்க.

அப்பா அந்தக் குறளச் சொல்வார்னீங்களே, எப்ப வரைக்கும் சொன்னார்? 2001 பிப்ரவரி 28 சுரங்கத்த மூடினப்ப உங்களுக்கு 18, 19 வயசு இருந்திருக்கும். அவ்வளவு ஆழத்துல எறங்கி மெய் வருத்தினவருக்கு மேல வந்தப்புறம் வேலையே இல்ல. அதுக்கப்புறமும் சொன்னாரா? சொன்னார்னா எந்தக் கூலிய மனசுல வச்சு சொன்னார்? எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும். புத்தகத்துல இருக்கோ என்னவோ.

இன்னொரு கணக்கு நான் போட்டேன், நீங்க எண்ணாம விட்டது. லீவு நாள்ல போய் கேட்டு கேட்டு எழுதினேன்னீங்க. மாசம் ரெண்டு ஞாயிறு போயிருந்தாக் கூட ஏழு வருஷத்துக்கு 168 ஞாயித்துக்கிழமை. நாப்பது வயசு மகனும் ரிட்டயர் ஆன அப்பாவும் 168 நாள் எதிரெதிர உக்காந்து பேசின வீடு எத்தனன்னு எண்ணுங்க. எங்கப்பா கூட நான் பெரியவளானப்புறம் உக்காந்து பேசினத மணிக்கணக்குல சொன்னா ஒரு சனிக்கிழமைக்குள்ள அடங்கிரும், அதுல பாதி கேஸ் புக் பண்ணியாச்சாங்கறதுதான்.

எழுத்த விட்டுடவான்னு கேட்டீங்க. விடலாம், தாராளமா, எழுதாம எத்தனையோ பேர் சந்தோஷமா இருக்காங்க, நானும் ஒருத்தி. ஆனா ராத்திரி 2 மணிக்கு ஃபைலைத் திறக்கற ஆள் இன்னும் விடல. விடறதா இருந்தா பகல்ல, காபி குடிச்சுட்டு, தெளிவா விடுங்க. அதுக்கு முன்னாடி அந்த பென்சில் எழுத்த படிங்க. தனியா வேணாம், மனைவி பக்கத்துல இருக்கட்டும், முடிஞ்சா ஊருக்கே போய் அப்பா கூட வேலை பாத்தவர் யாராவது இருந்தா அவர்கிட்ட காட்டிப் படிக்கச் சொல்லுங்க, ஏதாவது சுரங்க வார்த்தையா இருந்தா அவருக்குத்தான் புரியும். நீங்க எழுதினதுல ஒரு தப்ப திருத்தியிருக்கார்னே வச்சுக்குவோம். அத்தன பக்கத்தையும் உக்காந்து படிச்சாரே.

போறப்ப பத்து காப்பி எடுத்துட்டுப் போங்க, காசு வாங்காதீங்க, அவங்ககிட்ட மட்டும். கண்ணு தெரியாதவங்களுக்கு நீங்களே ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டுங்க, அது தப்பு இது தப்புன்னு சண்டைக்கு வருவாங்க, கைல ஒரு நோட்டு இருக்கட்டும்.

கரையான் கேட்டீங்க. கண்டிப்பா அரிக்கும், மர்பி டவுன் பழைய வீட்டுத் தரை வேற. அட்டைப்பெட்டிய தரைல அப்படியே வைக்காதீங்க, ஒரு பலகையோ ரெண்டு செங்கலோ குடுத்து தூக்கி வைங்க, சுவத்துல ஒட்டாம ஒரு சாண் தள்ளி. பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், கரையான் அதுக்கெல்லாம் அசையாது, மண் புத்து ஏறுதான்னு மாசத்துக்கு ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாக்கணும். இங்க மழை மாசத்துல ஈரம் ஏறினா பேப்பர் பூத்துரும், வெயில் அடிக்கற நாள்ல பெட்டியத் திறந்து வைங்க. எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, விலை என்னன்னு எழுதவே இல்லயே, கூரியர் சார்ஜோட சேத்து சொல்லுங்க.